குரலும் வாய்மையும்: மழைக்காட்டுப் பறவைகளின் ஒலிப்பதிவுகள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மழைக்காட்டில் வாழும் பறவைகளை அறிய முற்படுவோர்க்குக் கண்ணினும் காதே பெருந்துணையாக அமைகின்றது. உயர்ந்த மரங்களின் முடிகள் ஒன்றோடொன்று பின்னி நிற்க, அவற்றின் கீழே இடைநிலை மரங்களும் கொடிகளும் புதர்களும் அடுக்கடுக்காகச் செறிந்திருக்கும் இக்காடுகளில், நிலத்தை எட்டும் ஒளி மிகச் சிறிதாகும். பத்து முழத் தொலைவிலுள்ள பறவையும் இலைத்திரைக்குள் மறைந்துவிடும்; அதன் குரலோ அத்திரையை ஊடறுத்து வரும். தம் எல்லைக்கு உரிமை கோருவதற்கும், துணையை அழைப்பதற்கும், பகை வருவதை எச்சரிப்பதற்கும் அப்பறவைகள் குரலையே பெரிதும் நம்பி வாழ்கின்றன. ஆதலின் இக்காடுகளின் பறவையினங்களை இனங்காண விரும்பினோர் அவற்றின் குரல்களைப் பதிவுசெய்து, மீண்டும் மீண்டும் கேட்டுப் பயின்று, செவிவழியே பெயரறியும் முறையைக் கைக்கொண்டனர். இம்முறை அறிவியலுக்குத் தந்த பயன் பெரிது. ஆயினும் இதனுள்ளே இரு வினாக்கள் மறைந்துள்ளன. ஒரு குரலைக் கேட்டு அதற்குரிய பறவையின் பெயரைச் சொல்லிவிடுவது எத்தகைய அறிவு என்பது ஒன்று. ஒரு பறவையைப் பற்றிய உண்மையை அறியும்பொருட்டு அப்பறவைக்கே பொய்யுரைக்கலாமா என்பது மற்றொன்று. முன்னையது அளவையியலுக்கும் பின்னையது அறவியலுக்கும் உரியன. இவ்விரண்டும் தம்முள் தொடர்புடையன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவைக் குரலைக் கருவியிற் சேமிக்கும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது. 1889ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பேட் நகரில் லுட்விக் கொக் என்னும் சிறுவன், கூண்டில் வளர்ந்த சோலைப்பாடி ஒன்றின் பாட்டை எடிசன் கருவியின் மெழுகு உருளையிற் பதிவுசெய்தான். இன்று அறியப்படும் பறவை ஒலிப்பதிவுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது அதுவே. சோலைப்பாடி ஆசியக் காடுகளுக்கு உரிய பறவை. இலங்கைக் காடுகளிலும் அதன் பாட்டைக் கேட்கலாம். 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் பேசும்படக் கருவியின் துணைகொண்டு, கூண்டில் அடைபடாது திரியும் பறவைகளின் குரல்களைப் பதிந்தனர். எனினும், இரண்டாம் உலகப் போரின் பின்னர் காந்த நாடாப் பதிகருவிகள் தோளிற் சுமக்கத்தக்க அளவுக்குச் சிறுத்தபோதே மழைக்காடு இம்முயற்சிக்கு வசப்பட்டது. 2005ஆம் ஆண்டில் தென்னமெரிக்கப் பறவைகளின் குரல்களோடு தொடங்கிய 'செனோ கண்டோ' என்னும் இணையக் களஞ்சியம், இன்று உலகெங்கணுமிருந்து திரட்டப்பட்ட பல இலட்சம் பதிவுகளை எவரும் கேட்குமாறு வைத்துள்ளது. அண்மைக் காலத்தில் கைத்தொலைபேசியே பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் நிலையும் வந்துவிட்டது.

இவ்வாறு பெறப்படும் அறிவின் இயல்பை முதற்கண் நோக்குவோம். பொருளை அறியும் வழிகளை எமது மெய்யியலாளர் அளவைகள் என வகுத்தனர். அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில், பலர் பலவாறு விரித்துரைக்கும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். காட்டில் நின்று ஒரு குரலைக் கேட்பது காண்டலின்பாற்படும். செவியும் புலன்களுள் ஒன்றே ஆதலின் என்க. ஆனால் 'இஃது இன்ன பறவை' என்று துணிவது காண்டலன்று, கருதலாகும். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது போன்று குரலைக் கேட்டுப் பறவையை உய்த்துணர்கின்றோம். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள விட்டுநீங்காத் தொடர்பை முன்னரே அறிந்தவனுக்கன்றி மற்றையோர்க்கு அவ்வுய்த்துணர்வு கைகூடாது. ஒலிப்பதிவு செய்யும் பணி யாதெனில், குரலுக்கும் பறவைக்கும் உள்ள அத்தொடர்பைப் பலரும் பலகாலும் சோதித்தறிய இடந்தருவதே. காற்றிற் கலந்து மறைந்துபோவதாகிய குரலை நிறுத்தி வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிடவும், ஐயம் எழுந்தவிடத்து மீளக் கேட்கவும் அது வகைசெய்கின்றது.

இவ்வழியின் ஆற்றலை நன்கு எடுத்துக்காட்டியவர் அமெரிக்கப் பறவையியலாளர் தியடோர் பார்க்கர் ஆவார். தென்னமெரிக்கக் காடுகளில் உழைத்த இவர் ஏறத்தாழ நாலாயிரம் பறவையினங்களைக் குரலால் இனங்காண வல்லவராயிருந்தார் என்பர். இவர் பதிந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஒலிக்களஞ்சியத்தைச் சேர்ந்தன. வெப்பமண்டலக் காடுகளின் பறவைகளைக் கணக்கிடுவதில் ஒலிப்பதிகருவியின் இன்றியமையாமையை வலியுறுத்தி 1991இல் அவர் கட்டுரை வரைந்தார். அழிவை எதிர்நோக்கும் காடுகளை விரைந்து மதிப்பிடும் ஆய்வுப் பணியில் ஈடுபட்டிருந்த வேளையில், 1993ஆம் ஆண்டு ஈக்குவடோர் நாட்டில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அவருடைய செவியில் இருந்த அறிவு அவரோடு மறைந்தது. நாடாக்களில் இருந்தது எஞ்சியது. தனிமனித ஆற்றலைப் பொதுச் சொத்தாக்குவதில் ஒலிப்பதிவுக்குள்ள இடம் இதனாற் புலனாகும்.

எமது நாட்டிலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனினும் நுட்பமான உண்மையொன்றை உணர்த்துகின்றது. பறவைக் குரல்களை ஆராய்ந்து வந்த தீபால் வரகாகொட 1995ஆம் ஆண்டில் கித்துல்கலை மழைக்காட்டில் இரவு வேளையில், தாம் அறிந்த எப்பறவைக்கும் பொருந்தாத ஒரு குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையை அவர் கண்ணாற் கண்டது 2001ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், சிங்கராஜ வனத்தில் ஆகும். 2004ஆம் ஆண்டில் அச்சிறு ஆந்தை அறிவியலுக்குப் புதிய இனமென விவரிக்கப்பட்டது. 1868ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிற் கண்டறியப்பட்ட முதலாவது புதிய பறவையினம் அதுவே. ஈண்டுக் கவனிக்கற்பாலது, 'இஃது எப்பறவையும் அன்று' என்னும் துணிவு எவ்வாறு பிறந்தது என்பதாகும். நாட்டின் இரவுக் குரல்கள் அனைத்தையும் செவியில் உடையவனுக்கே ஒரு குரல் அவற்றுள் இல்லை என்பது தெரியவரும். இல்லாமையை அறிதலையும் ஓர் அளவையாக வைத்து எண்ணிய பழைய அளவையியலாரின் நுண்மையை இங்கு நாம் உணர்கின்றோம். அறிந்தவற்றை முற்ற அறிந்தவனே தான் அறியாததனை அடையாளங் காண்கின்றான். பெயர் தெரிந்த குரல்களை மட்டும் பெயரிட்டுக் காட்டும் கருவி இவ்வகை அறிவை எமக்குத் தாராது. கருவியின் கூற்றை ஏற்றுக்கொள்வது உரையளவையின்பாற்படும், அது பயனுடையதே, ஆயினும் கேட்டுப் பயின்று பெற்ற அறிவுக்கு அஃது ஈடாகாது.

கருதலளவைக்கு இடர் விளைப்பனவும் காட்டில் உண்டு. சிங்கராஜ வனத்திலே பல்வேறு இனப் பறவைகள் ஒருங்கு கூடி இரைதேடும் கலப்புக் கூட்டங்கள் புகழ்பெற்றவை. அக்கூட்டங்களில் முதன்மை பெறும் கொண்டைக் கரிச்சான் ஏனைய பறவைகளின் குரல்களைப் போலிசெய்யும் வல்லமை உடையது. பேராசிரியர் சரத் கொட்டகமவும் எபன் குடேலும் அக்காட்டில் நிகழ்த்திய ஆய்வுகள், இப்போலிக் குரல்கள் பிற இனப் பறவைகளைக் கூட்டத்தின்பால் ஈர்க்கின்றன என்பதைப் புலப்படுத்தின. நெருப்பில்லாமல் எழும் புகை போன்றது கரிச்சானின் இக்குரல். இதனைக் கேட்டுப் பெயரெழுதுவோன் அங்கில்லாத பறவையை எழுதிவைப்பான். இவ்வுண்மை நிறுவப்பட்டதும், பதிவுசெய்த கரிச்சானின் குரலைக் காட்டில் ஒலிக்கவிட்டு அதற்குப் பறவைகள் எவ்வாறு இயைந்தன என்று நோக்கியதனாலேயே ஆம். இங்கு நாம் இரண்டாவது வினாவின் வாயிலை அடைகின்றோம்.

ஒலிப்பதிவுக்கு இருவகைச் செவிகள் உள்ளன. மனிதனின் செவிக்கு ஒலிக்கும்போது அது சான்று; 'இவ்விடத்தில் இப்பறவை இவ்வாறு பாடியது' என்று நடந்ததனை உள்ளவாறே உரைக்கின்றது. அதே பதிவு அக்காட்டில் வாழும் பறவையின் செவிக்கு ஒலிக்கும்போது பொய்யாகின்றது. தன் எல்லைக்குள் வேற்று ஆண் புகுந்துவிட்டது என்றோ, துணை ஒன்று அழைக்கின்றது என்றோ அப்பறவை கொள்கின்றது. இரையையும் கூட்டையும் விடுத்து, பகையை விரட்டவோ துணையை நாடவோ மறைவிலிருந்து வெளிப்படுகின்றது. அவ்வேளையில் அதனைக் காண்பவன் மகிழ்கின்றான், ஒளிப்படம் எடுக்கின்றான். ஒலியில் ஓர் அணுவும் மாறவில்லை. கேட்போர் மாறியமையால் மெய் பொய்யாயிற்று.

இவ்வுத்தி புதியதன்று. பிற விலங்கையும் புள்ளையும் பிடிப்பதற்கென வேடர் பழக்கி வைத்த விலங்கையும் புள்ளையும் 'பார்வை' என்று பழந்தமிழர் வழங்கினர். கண்ணுக்குக் காட்டும் பொய் அது. செவிக்குக் காட்டும் பொய்யையும் அவர் அறிந்திருந்தனர். இசையில் மயங்கும் அசுணம் என்னும் உயிரை யாழிசையால் அழைத்துப் பின் பறையொலியால் வதைத்தல் பற்றிய செய்தியைச் சங்கப் பாடல்களிற் காண்கின்றோம். நற்றிணையும் கலித்தொகையும் அதனைக் குறிக்கின்றன. அசுணம் கற்பனை உயிராயினும், அதனைக் கொல்வோர் பற்றிய அச்சித்திரத்தின் பின்னுள்ள அறவுணர்வு கற்பனையன்று. கொலையினும் கொடிதாக அங்கு உணரப்படுவது, இனிமையின் மீது அவ்வுயிர் கொண்ட நம்பிக்கையே அதன் அழிவுக்குக் கருவியாயிற்று என்பதாகும்.

இனி, பறவைக்குப் பொய்யுரைத்தல் ஒரு குற்றமாகுமா என்று நோக்குமிடத்து, இமானுவல் கான்றின் கொள்கை முதலில் நினைவுக்கு வரும். பொய்யை இவர்போல் வன்மையாகக் கண்டித்த மெய்யியலாளர் சிலரே. கொலைகாரனுக்குத் தானும் பொய்யுரைத்தல் தகாது என்று 1797ஆம் ஆண்டில் எழுதியவர் இவர். எனினும் வாய்மைக் கடன் அறிவுடைய மாந்தரிடையே நிலவுவது என்பதே இவர் கொள்கையின் அடிப்படை. விலங்குகள்பால் நமக்குள்ள கடன் நேரடியானதன்று. அவற்றிடம் கொடுமை பழகியவன் மாந்தரிடத்தும் கொடியவனாவான் என்பதனாலேயே அவற்றைப் பேணுதல் வேண்டும் என்பார். இக்கொள்கையின்படி பறவையை ஏமாற்றுதல் பொய்யாகாது. ஒரு கருவியை இயக்குதல் போன்றதே. ஆனால் இவ்விடத்தில் ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. பறவை குரலைப் பொருளுடையதாகக் கொண்டு அதற்கு இயைய நடக்கின்றது என்பதனாலன்றோ நமது உத்தி பயன் தருகின்றது? கேட்டு, பொருள் கொண்டு, அதன்படி ஒழுகும் உயிர் என்று அதனை நம்பியே பதிவை ஒலிக்கவிடுகின்றோம். ஒலிக்கவிட்ட பின், அது வெறும் பொறியே என்று வாதிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஜெரமி பெந்தாமின் வழி வேறு. 1789இல் வெளிவந்த நூலில் அவர், விலங்குகளுக்குப் பகுத்தறிவு உண்டா என்பதை விடுத்து, அவை துன்புறுமா என்பதையே வினவுதல் வேண்டும் என்றார். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், சில கணம் ஒலிக்கும் ஒரு பதிவினால் பறவைக்கு நேரும் துன்பம் சிறிதென்றே தோன்றும். ஈக்குவடோரின் மலைக்காடொன்றில் நிகழ்த்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு, நாள்தோறும் பதிவை ஒலிக்கவிட்டபோது பறவைகள் மிகுந்து குரலெழுப்பியமையையும், ஆராயப்பட்ட இரு இனங்களுள் ஒன்று நாளடைவில் அதற்குப் பழகி மறுமொழியைக் குறைத்துக்கொண்டமையையும் காட்டிற்று. பழகிவிட்டமையால் தீங்கில்லை எனச் சிலர் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அப்பழக்கத்தின் பொருள் யாது? தன் இனத்தின் அழைப்பைப் பொருட்படுத்தாதிருக்க அப்பறவை கற்றுக்கொண்டது என்பதே. வலையிற் பிடித்தலோடும் சுட்டு வீழ்த்தலோடும் ஒப்பிட இத்தீங்கு அற்பமானது என்பது மெய்யே. எனினும் துன்பத்தின் அளவு ஒன்றையே நிறுத்துப் பார்க்கும் முறையினுள் இவ்விழப்பு அகப்படுவதில்லை.

வள்ளுவர் வாய்மையை விளைவோடு பொருத்தி நோக்கியவர். மாசற்ற நன்மைக்குத் துணைபோகும் பொய்ம்மைக்கும் அவர் இடமளிக்கின்றார். இவ்வளவுகோலே இவ்வினாவுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் அந்நன்மை யாருக்கு என்பதை நாம் கேட்டாக வேண்டும். நன்மை ஒருவர்க்கும் இழப்பு மற்றவர்க்குமாக இருப்பின் அது மாசற்ற நன்மையாகாது. ஒரு காட்டில் எத்தனை இணைகள் எஞ்சியுள்ளன என்பதை வேறு வழியால் அறிய இயலாதவிடத்து, அவ்வினத்தைக் காக்கும்பொருட்டு அளவோடு ஒலிக்கவிடும் ஆய்வாளனின் பொய், ஏமாற்றப்படும் பறவையின் குலத்துக்கே மீள்கின்றது. தன் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவும் ஒளிப்படமொன்றை எடுக்கவும் ஒலிக்கவிடுவோனின் பொய் அவ்வாறு மீள்வதில்லை. முன்னையதை ஒறுத்தல் மிகை; பின்னையதைப் பொறுத்தல் தகாது.

கரிச்சானும் அவ்வாறு ஏமாற்றுகின்றதே என்று சிலர் வினவுவர். கரிச்சான் அக்கூட்டத்தில் ஓர் உறுப்பு. பகை வரும்போது எச்சரிப்பதும் அதுவே. அதன் போலிக் குரலைக் கேட்டு வந்த பறவைகள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கூட்டத்தின் காவலைப் பெறுகின்றன. நாமோ அழைத்துவிட்டு விடைபெற்றுச் செல்பவர். இயற்கையில் ஒரு செயல் நிகழ்கின்றது என்பதனால் அஃது எமக்கு அறமாகிவிடாது என்பது ஒருபுறமிருக்க, இயற்கையில் நிகழும் அச்செயலும் எமது செயலும் ஒன்றல்ல என்பதே உண்மையாகும்.

மற்றொரு வாதம் இதனினும் வலிமை உடையது. அறியாத ஒன்றைக் காக்க இயலாது. ஆதலின் அறிவதற்கு உதவும் எவ்வழியும் காப்புக்கு உதவும் வழியே என்பது அது. இவ்வாதத்தைச் சிங்கராஜ வனத்தின் வரலாறு கொண்டு சோதிப்போம். 1970களிலே ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக அவ்வனத்து மரங்கள் இயந்திரங்களால் தறிக்கப்பட்டன. அதனை எதிர்த்தெழுந்த இயக்கத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர் திலோ ஹொவ்மன். 1977ஆம் ஆண்டில் மரந்தறித்தல் நிறுத்தப்பட்டது. 1988ஆம் ஆண்டில் அவ்வனம் உலக மரபுரிமைத் தலமாயிற்று. மேலே குறித்த ஆந்தையின் குரலை எவரும் இனங்கண்டது 1995இல் என்பதை நினைவுகூர்க. அதாவது, அக்காட்டைக் காத்தோர் தாம் பெயரறியாத, இருப்பதாகவும் அறியாத ஓர் உயிரின் உறைவிடத்தையும் சேர்த்தே காத்தனர். பின்னர் அவ்வாந்தைக்கு ஹொவ்மனின் பெயரே அறிவியற் பெயராகச் சூட்டப்பட்டது. அறிவே காப்புக்கு முற்பட்டது என்னும் கூற்று இங்குத் தலைகீழாகின்றது. காப்பு முந்திற்று, அறிவு பிந்திற்று. காடு வெட்டப்பட்டிருப்பின் கேட்பதற்கே குரல் இருந்திராது.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஹவாய்த் தீவுக் கூட்டத்திலுள்ள கவாய்த் தீவில் நேர்ந்தது. அத்தீவின் மலை மழைக்காட்டில் வாழ்ந்த 'ஓஓ' என்னும் பறவையின் குரல் பதிவுசெய்யப்பட்டது; பெயரும் இயல்பும் நன்கு அறியப்பட்டன. வெளியிலிருந்து வந்து சேர்ந்த கொசுக்கள் பரப்பிய நோய், எலிகள், சூறாவளி முதலியவற்றால் அவ்வினம் குன்றியது. ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடும் இயல்புடைய அப்பறவையின் குரல் இறுதியாகக் கேட்டது 1987ஆம் ஆண்டில். அழிந்தொழிந்த இனமெனக் கொண்டு 2023ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசு, பாதுகாக்கப்படும் இனங்களின் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கியது. அப்பதிவை இன்றும் எவரும் கேட்கலாம். மறுமொழிக்கென ஆண்பறவை விடும் இடைவெளியில் எதுவும் ஒலிப்பதில்லை. இனங்காண்பதற்கெனப் பதிந்த குரலால் இனங்காணத்தக்க பறவை எதுவும் இப்போது இல்லை. ஆதலின் பதிவு காப்பாகாது என்பதும், பதிவின்மை காப்புக்குத் தடையாகாது என்பதும் இவ்விரு நிகழ்ச்சிகளாலும் பெறப்படுகின்றன.

அவ்வாறாயின் ஒலிப்பதிவின் பயன்தான் யாது? அது எமது செவியைப் பண்படுத்துகின்றது என்பதே என் விடையாகும். குரல்களை அறிந்தவனுக்கே ஒரு குரல் புதிது என்பது தெரியும் என முன்னர்க் கண்டோம். அவனுக்கே ஒரு குரல் இல்லாது போயிற்று என்பதும் தெரியும். கடந்த ஆண்டு கேட்ட ஐந்து குரல்களுள் ஒன்று இவ்வாண்டு கேட்கவில்லை என்று சொல்வதற்கு ஐந்தையும் அறிந்த செவி வேண்டும். ஏனையோர்க்குக் காடு என்றும்போல் ஒலித்துக்கொண்டே இருக்கும். கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்த மரபில் வந்த நாம் இப்பயிற்சியின் அருமையை உணர்தல் எளிது. ஆகவே, ஒலிப்பதிவைக் காட்டுக்கு எடுத்துச் சென்று பறவைக்கு ஒலிப்பதனை விடுத்து, காட்டுக்குச் செல்லுமுன் எமக்கு நாமே ஒலித்துப் பயில்வதே முறையாகும். காட்டினுள் கருவி கேட்கட்டும், பேசவேண்டுவதில்லை. காணாது திரும்ப நேரினும் அதனை இழப்பென்று கொள்ளுதல் வேண்டாம். 1995இல் கேட்ட குரலுக்கு 2001இல் உருவம் கிடைத்தது. இடைப்பட்ட அவ்வாறாண்டுகளிலும் அவ்வாந்தை தன் காட்டில் இருந்தது. அதற்கு ஒரு பெயர் தேவைப்படவில்லை, காடு தேவைப்பட்டது.